கொடிமலைக்குச் சும்மா போனவள்

எங்கள் வீட்டில் யாராவது பயணம் கிளம்ப வேண்டுமென்றால் ஒன்று எங்கேயாவது ஓர் உயிர் போயிருக்க வேண்டும், இல்லை ஒரு பெண்ணுக்குச் சடங்கோ கல்யாணமோ நடக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சாமி கூப்பிட்டிருக்க வேண்டும். இந்த மூன்றிலும் அடங்காத பயணத்துக்கு எங்கள் குடும்பத்தில் பெயரே கிடையாது. செம்பவாங்குக்குப் போனோம், அங்கே ஒரு கிழவர் இறந்திருந்தார். ஜொகூருக்குப் போனோம், வளைகாப்பு. தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குப் போனோம், யாரோ சாமி வேண்டுதலுக்காக ஊருக்குக் கப்பல் ஏறினார்கள், கையசைத்துவிட்டுத் திரும்பினோம். ஐம்பதுகளில் சிங்கப்பூரை நான் இப்படித்தான் பார்த்தேன், அழுகிறவர்களின் முதுகுக்குப் பின்னாலிருந்தும் பந்திக்கு நிற்பவர்களின் இடுப்புக்குக் கீழேயிருந்தும்.

வீடு சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. கீழே மாவு மில், மேலே நாங்கள். மில்லில் மிளகாய் அரைபடும் நாளில் மாடியில் எல்லோரும் தும்மிக்கொண்டே சாப்பிடுவோம். முன்னறையில் பெரியப்பாவும் பெரியம்மாவும், பின்னறையில் அப்பா, அம்மா, நான். பெரியப்பா என் அப்பாவின் மூத்த அண்ணன். அவர் வைத்ததுதான் வீட்டில் சட்டம். அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். வெள்ளைக்காரத் துரையிடம் இங்கிலீஷில் எதிர்த்துப் பேசியதாகச் சொல்வார், அதை நம்பலாம். ஆனால் அண்ணன் முன்னால் 'அண்ணே' என்ற சொல்லுக்கு அப்புறம் அவருக்கு வார்த்தை வராது.

அம்மா பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது. கணவனின் மூத்த அண்ணனிடம் நேருக்கு நேர் பேசுவது மரியாதை இல்லை என்பது எங்கள் வழக்கம். அதனால் அம்மா சொல்ல வேண்டியதை என்னைப் பார்த்துச் சொல்வாள். அவரும் பதிலை என்னைப் பார்த்தே சொல்வார். நான் இருவருக்கும் நடுவில் சும்மா நின்றால் போதும். இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி உண்டு. பெரியவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்குகிற எதையும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தாராளமாகச் சொல்லிவிடலாம். அம்மா அந்த வசதியை மிச்சம் வைக்காமல் பயன்படுத்திக்கொண்டாள்.

அவளுடைய முதல் அத்துமீறலைக் கீரைதான் காட்டிக்கொடுத்தது. பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு காலை, தேக்கா மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், வீட்டுப் பக்கம் திரும்பாமல் என் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸில் ஏற்றினாள். எங்கே போகிறோம் என்று கேட்டேன். "போற எடத்துக்கு" என்றாள். எஸ்பிளனேடில் இறங்கிக் கடல் ஓரத்துச் சுவரில் உட்கார்ந்தோம். தலையில் தட்டைச் சுமந்து கச்சாங் பூத்தே விற்கிறவரிடம் ஒரு காகிதச் சுருள் கடலை வாங்கித் தந்தாள். கப்பல்கள் நின்றன, நாங்கள் பார்த்தோம், அவ்வளவுதான். வீடு திரும்பியதும் பெரியம்மா கூடையைக் கிளறிவிட்டு, "கீரை ஏன் இப்படித் தொவண்டு கெடக்கு?" என்று கேட்டாள்.

"கடலைப் பாக்கப் போனேன். அதுவும் கூட வந்துச்சு" என்றாள் அம்மா.

"கடல்ல என்ன இருக்கு?"

"தண்ணிதான்."

பெரியம்மா கீரையை உதறிக் கழுவப் போனாள். அம்மா பொய் சொல்லியிருந்தால் மாட்டியிருப்பாள், உண்மையைச் சொன்னதால் தப்பித்தாள். அந்த வித்தையை நான் அன்றைக்கே குறித்துக்கொண்டேன்.

ஆனால் அம்மாவின் மனம் கிடந்தது கடலில் இல்லை, பினாங்கில். அப்பாவின் அக்கா, என் அத்தை, பினாங்கில் ஆயர் ஈத்தாமில் இருந்தாள். காலையில் இட்லி அவித்து விற்றுப் பிழைத்தவள். அவள் வீட்டுப் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றால் கொடிமலை நேராகத் தெரியும். அதன் சரிவில் கம்பி இழுக்க ஒரு சின்ன ரயில் ஊர்ந்து ஏறும். அம்மா அந்த வீட்டுக்கு மூன்று தடவை போயிருந்தாள். மூன்று தடவையும் அந்த ரயில் ஏறுவதைப் பார்த்தபடி பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பியிருந்தாள்.

முதல் தடவை அத்தையின் கணவர் இறந்தபோது. மலைக்குப் போய்ப் பார்க்கலாமா என்று அம்மா அப்பாவிடம் மெதுவாகக் கேட்டது பெரியப்பா காதில் விழுந்துவிட்டது. "துக்க வீட்டுக்கு வந்துட்டு யாராச்சும் மலை ஏறுவாங்களா?" என்றார். இரண்டாம் தடவை அத்தை மகள் பெரியவளானபோது. புட்டு அவிக்கவும் பந்தி பரிமாறவுமே பொழுது போயிற்று. மூன்றாவது அந்த மகளின் கல்யாணம். அம்மா சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாவது தடவை ஊர் திரும்பும்போது ரயிலில் அவளுக்கு ஒன்று விளங்கியது. காரணத்தோடு போகிறவரைக்கும் அந்த மலையில் ஏற முடியாது. அந்தக் காரணமே மலையை மறைத்துக்கொண்டு நிற்கும். ஏற வேண்டுமென்றால் காரணம் இல்லாமல் போக வேண்டும்.

கம்யூனிஸ்டுக் கலகத்துக்காக மலாயாவில் போட்ட அவசரகாலச் சட்டம் எடுபட்டு, ரயிலில் போவதற்குப் பயம் விட்டுப்போன காலம் அது. எனக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து பெரியப்பா வெற்றிலை மடிக்கிற நேரம், அம்மா என் தோளைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

"பினாங்குக்குப் போகணும்னு பெரியப்பாகிட்ட சொல்லு."

பெரியப்பா வெற்றிலையை நிறுத்தினார். "ஏன், தங்கச்சிக்கு என்ன? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லன்னு சொல்லு. கொடிமலையைப் பாக்கணும்."

பெரியப்பா சிரித்தார். புக்கித் தீமாவும் மலைதானே, பஸ் ஏறினால் போயிடலாமே என்றார். அம்மா என் தோளை விடவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு பயணத்துக்கு நியாயம் தேடித் தருவது தன் கடமை என்று நினைக்கிறவர். கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்.

"தைப்பூசத்துக்குப் போகச் சொல்லு. மவளுக்கு நல்ல எடம் அமையணும்னு பினாங்குல பால்குடம் எடுக்கட்டும். அப்படியே மலையையும் பாத்துட்டு வரட்டும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

என்ன அழகான வழி! எங்கள் சந்தில் எந்தப் பெண்ணும் அந்தக் கதவைத் திறந்துகொண்டு போயிருப்பாள். எத்தனையோ பேர் போனார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. அம்மா மட்டும் என் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"சாமிக்குப் போறப்ப சாமிக்குப் போறேன். மலைக்குப் போறதுக்குச் சாமி பேரைச் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"அப்படின்னா தம்பி வர மாட்டான்னு சொல்லு."

"வரலன்னா நானும் மவளும் போறோம் லா. தனியா."

அப்பா தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டியும் பிள்ளையும் துணையில்லாமல் மலாயாவைக் கடந்து போனார்கள் என்ற பேச்சு வந்தால் சிராங்கூன் ரோட்டில் தலைகாட்ட முடியாது. அந்த வெட்கத்துக்குப் பயந்தே அவர் எங்களோடு கிளம்பினார். பயந்து வந்தாலும் வந்தாரே என்று அம்மா பிற்பாடு சொல்வாள்.

செய்தி சந்து முழுக்கப் பரவியது. பினாங்கில் சொந்தம் இருந்தவர்கள் எல்லாம் ஊறுகாய், வடகம், பிள்ளைக்குச் சட்டை என்று ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்தார்கள். அம்மா ஒன்றையும் வாங்கவில்லை. "இது கையை வீசிக்கிட்டுப் போற பயணம்" என்றாள். அத்தைக்கும் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தெரிந்தால் அத்தை யாரையாவது பெண் பார்க்க அழைத்துவிடுவாள், காரணம் முளைத்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

கிளம்பும் காலையில் பெரியப்பா முகம் கொடுக்கவில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்ட சத்தத்தில் மில்காரர் நிமிர்ந்து பார்த்தார். அம்மா படியிறங்கிய வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு பெண் அவ்வளவு நிமிர்ந்து படி இறங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ரயில் பயணத்தைப் பற்றி நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஜொகூரிலிருந்தே அம்மாவுக்குத் தலைசுற்றல். வாந்தி எடுத்து எடுத்து, கோலாலம்பூரில் ரயில் மாறும்போது முகம் வெளுத்துவிட்டது. தலையில் வைத்திருந்த பூ வாடி, அதை ஜன்னல் வழியாக எறிந்தாள். நல்ல சேலை கரியாகிவிடும் என்று பழைய வெளிர்நிறப் புடவையைக் கட்டியிருந்தாள். அப்பா சவரம் செய்யவில்லை. மறுநாள் காலை ஃபெர்ரியில் கடலைத் தாண்டி, பஸ் பிடித்து, அத்தை வீட்டு வாசலில் நின்றபோது நாங்கள் எப்படி இருந்தோம் என்பதை யோசிக்க எங்களுக்குத் தெம்பில்லை.

அத்தை இட்லிக் கொப்பரையின் மூடியைத் தூக்கிய கையோடு எங்களைப் பார்த்தாள். "வாங்க" என்றாள். பிறகு அவள் கண் அப்பாவின் தாடியில் விழுந்தது. அம்மாவின் வெறுந்தலையில் விழுந்தது. சொல்லாமல் கொள்ளாமல், பொட்டலம் பெட்டி எதுவும் இல்லாமல், மூத்தவரும் இல்லாமல் வந்து நிற்கிறோம். எங்கள் வழக்கத்தில் சாவுச் செய்தி கொண்டுவருகிறவன்தான் 'வாங்க' என்றாலும் பதில் பேசாமல் தலை குனிந்து நிற்பான். அப்பா அப்படித்தான் நின்றார். 'எதுக்கு வந்தீங்க' என்று அக்கா கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சத்தில் அவருக்கு நாக்கு எழவில்லை.

"பெரியண்ணனா!" என்று கத்தினாள் அத்தை. மூடி தரையில் உருண்டது. "என் பொறந்த வீட்டுத் தூணே, சாஞ்சிட்டியா! தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியே!"

அப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தை மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். சாவு விழுந்தால் அடுப்பு எரியக் கூடாதல்லவா, ஒருத்தி அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள், இன்னொருத்தி கொப்பரையைச் சாக்கடையில் கவிழ்த்தாள். பசியோடு நின்ற எனக்கு அந்த இட்லிகள் போனதுதான் தாங்கவில்லை, நானும் அழுதேன். அதைப் பார்த்து மற்றவர்களின் அழுகை கூடியது. அப்பா "அக்கா, அக்கா" என்று கையை ஆட்டினார். துக்கத்தில் பேச முடியவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அம்மாதான் குரலை உயர்த்தினாள். "அவருக்கு ஒண்ணும் ஆகல! நல்லா இருக்காரு! இந்நேரம் பசியாறிட்டு என்னை ஏசிக்கிட்டு இருப்பாரு!"

அழுகை பாதியில் நின்றது. மூக்கைச் சிந்திவிட்டு அத்தை நிமிர்ந்தாள். "அப்படின்னா யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல, அண்ணி."

"ஒண்ணும் இல்லாம எதுக்கு வந்தீங்க?"

உயிரோடு இருக்கிற அண்ணனுக்கு ஒப்பாரி வைத்துவிட்ட பயம் அத்தையின் முகத்தில் ஏறுவதை நான் பார்த்தேன். அப்போது பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி கையைத் தட்டினாள். "காக்கா!" என்றாள். "உங்க அண்ணன் தலையில காக்கா தட்டியிருக்கும். அதான்!"

தலையில் காக்கை தட்டினால் உயிருக்கு ஆகாது என்பார்கள். அதற்குப் பரிகாரம், தூரத்து உறவுக்கு அவர் செத்துப்போனதாகப் பொய்ச் செய்தி அனுப்பி அழவைப்பது. அவர்கள் மனசார அழுதுவிட்டால் கண்டம் கழிந்து ஆயுசு கூடும். அங்கிருந்த எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கவே தொடங்கினாள். "இதைச் சொல்லக் கூடாதுன்னுதான் தம்பி வாயை மூடிக்கிட்டு நின்னானா? காக்காதானே, தம்பி?"

அப்பா "ஆமா" என்று சொல்லியேவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் துடைத்துப் போட்டு எங்களை நல்லவர்களாக்கும் ஒரு காரணம் தானாகவே வந்து கையில் விழுந்தது. இனி அம்மா சும்மா இருந்தால் போதும். சூடாகச் சோறு கிடைக்கும், மரியாதை கிடைக்கும், சாயங்காலம் மலைக்கும் யாராவது கூட்டிக்கொண்டு போவார்கள்.

"காக்காவும் இல்ல, குருவியும் இல்ல" என்றாள் அம்மா. "நான் மலையைப் பாக்கணும்னு வந்தேன், அண்ணி. மூணு தரம் ஒங்க வீட்டுக்கு வந்து மூணு தரமும் பாக்காமப் போனேன். அதுக்குத்தான் வந்தேன். வேற ஒண்ணுத்துக்கும் இல்ல."

அத்தை எழுந்து நின்றாள். "என்னை ஊர் கூட்டி அழவெச்சது ஒரு மலையைப் பாக்கவா? இப்ப நீ மலைக்குப் போனா இந்த வாசப்படியை மறுபடி மிதிக்காதே."

பயப்படாத பெண் இல்லை அம்மா. பயம் இருந்தும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வாசலிலிருந்து தெருவில் இறங்கி, மலை இருந்த திசையில் நடந்தாள். அப்பா எங்கள் பின்னால் இரண்டடி வைத்து, திரும்பி அக்கா பக்கம் இரண்டடி வைத்து, நடுவில் நின்றுவிட்டார்.

அடிவாரத்தில் மரப்பெட்டி ரயில் நின்றது. அம்மா தனக்குத் தெரிந்த மலாயில் பேசிச் சீட்டு வாங்கினாள். பெட்டி ஏறத் தொடங்கியதும் அவள் ஜன்னல் கட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். மாறி உட்கார்ந்தபோது அவளுக்குத் தலைசுற்றவில்லை என்று கவனித்தேன். மேலே குளிர்ந்தது. சிங்கப்பூரில் பிறந்த எனக்கு வெயில் அடிக்கும்போதே குளிரும் என்பது அன்றுதான் தெரிந்தது. அம்மா விளிம்புச் சுவர் ஓரமாகப் போய் நின்று கீழே தேடினாள். மேகம் ஒதுங்கியதும் கையை நீட்டினாள்.

"அந்தா பாரு, துத்தநாகக் கூரை. அங்கதான் நின்னு பாத்திரம் கழுவிக்கிட்டே இதைப் பாத்தேன்."

அவள் குரலில் அழுகை இருந்ததா வெற்றி இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும்.

நாங்கள் அங்கேயே இருந்தோம். அடுத்த பெட்டியிலிருந்தோ அதற்கடுத்ததிலிருந்தோ அப்பா இறங்கினார். அவருக்குப் பின்னால், வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அத்தை. அவளுக்குக் கோபம் குறைந்த மாதிரித் தெரியவில்லை.

"சோறு ஆறுது. கூப்பிட வந்தேன்" என்றாள்.

"அடுப்பைத்தான் அணைச்சாச்சே, அண்ணி" என்றாள் அம்மா.

அத்தை சுவரில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த மலையின் அடியிலேயே வாழ்ந்தவள், ஒரு நாளும் மேலே வந்ததில்லை. யார் கூட்டிக்கொண்டு வருவார்கள்? கணவன் இருந்தவரை வேலை, அவர் போனபின் வெள்ளைச் சேலை. காரணமில்லாமல் எழுந்து நடக்க அவளுக்கு ஏது உரிமை? அம்மா கூரையைக் காட்டினாள். அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அதா? இத்துனூண்டா? இதுக்குள்ளயா நான் இத்தனை வருசம் கெடந்தேன்?"

இறங்கும்போது பெட்டியில் அத்தை அம்மாவிடம் சொன்னாள். "யாராச்சும் கேட்டா உன்னைக் கூப்பிடத்தான் போனேன்னு சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அம்மா.

அத்தை முறைத்தாள். ஆனால் பெட்டி அடிவாரம் சேரும்வரை அம்மாவின் கையை அவள் விடவில்லை. வாசப்படியைப் பற்றிய பேச்சும் அதோடு போயிற்று.

வீடு திரும்பியபின் நடந்ததை அப்பா வேறு வழியில்லாமல் பெரியப்பாவிடம் சொன்னார். இடி விழும் என்று காத்திருந்தோம். பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தங்கச்சி நல்லா அழுதாளா?" என்று கேட்டார். மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள் என்றேன். அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அம்மாவின் மலையை மட்டும் அவர் மன்னிக்கவில்லை. அம்மாவும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில் அத்தை போய்ச் சேர்ந்தாள். இந்தத் தடவை உண்மையான சாவு. அதற்குள் சிங்கப்பூர் தனி நாடாகி, ஜொகூர்ப் பாலத்தைத் தாண்ட பாஸ்போர்ட் வேண்டும் என்று ஆகியிருந்தது. கருமாதிக்குப் போக பெரியப்பா, அப்பா, அம்மா, நான் நான்கு பேரும் டாக்ஸியில் போய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இறங்கி வரிசையில் நின்றோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தமிழர்.

"எதுக்குப் போறீங்க?"

"தங்கச்சி கருமாதிக்கு" என்றார் பெரியப்பா.

"கருமாதிக்கும், கொடிமலைக்கும்" என்றாள் அம்மா.

அதிகாரி நிமிர்ந்தார். பெரியப்பாவுக்கு முகம் சிவந்தது. பழக்கம் விடுமா, என்னைப் பார்த்தே திரும்பினார். "துக்கத்துக்குப் போறவங்க மலை ஏறுவாங்களான்னு உங்கம்மாகிட்ட கேளு."

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அம்மா என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு, நான் பார்த்து முதல் தடவையாக, பெரியப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஏறுவேன், மாமா" என்றாள். "அண்ணி என்கூட ஏறினவங்க."

பெரியப்பா அவளைப் பார்த்தார். பிறகு தன் பாஸ்போர்ட்டை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். இருவருக்கும் நடுவில் நிற்கிற வேலை எனக்கு அன்றோடு முடிந்தது.